ஊற்றாமல் விட்ட தண்ணீர்

முரளி,

உனக்குக் கடிதம் எழுதப் போகிறேன் என்றதும் உங்க நைனா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "போன் கீது இல்ல? ஞாயித்துக்கெழம அவனே பண்ணுவான், அப்போ சொல்லேன்" என்றார். போனில் சொல்லக்கூடியதாக இருந்தால் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்து போனது, சொல்லியிருக்க மாட்டேனா? போனில் நீ என் முட்டி வலியைக் கேட்பாய், நான் குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று கேட்பேன், நைனா மாத்திரை போட்டாரா என்பாய், "ஆங், போட்டாரு" என்று நான் பொய் சொல்வேன், அதற்குள் கம்பெனியிலிருந்து யாராவது உன்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். நம் இரண்டு பேருக்குமே இந்த ஏற்பாடு வசதியாகத்தான் இருந்தது.

போன மாதம் மாஸ்டர் என் பூக்கடைக்கு வந்தார். உங்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட விட்டவரே, அவர்தான். ரிடையர் ஆகிவிட்டார், தலை முழுக்க நரைத்துவிட்டது, விசில் மட்டும் இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. உன் அண்ணன் தணிகாசலத்தின் பெயரில் பையன்கள் வருடா வருடம் நடத்துகிற பந்துப் போட்டிக்கு இந்த முறை ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். "தணியைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கம்மா. வீடு, பந்து, சாமி, மூணும் வரணும். அவன் அந்த மூணுலதானே இருந்தான்" என்றார். நான் பத்தாவது வரை படித்தவள், கடையில் வாரப் பத்திரிகை விடாமல் படிக்கிறவள், எழுதுவதற்கு என்ன என்று ஒத்துக்கொண்டேன். பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தணியைப் பற்றி எழுதுகிற ஒவ்வொரு வரியும் உன்னிடம் பேசுவதாகவே போகிறது. சரி, அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டேன். இது மலரில் வரும், ஊரே படிக்கும், அதுவும் தெரியும். அவன் போன அன்றைக்கு நான் உன்னைச் சொன்ன சொல்லைத் தெருவே கேட்டது. அதனால் இதையும் தெருவே படிக்கட்டும்.

போன வாரம் நீ போன் பண்ணினாய். "அம்மா, கொழந்தைக்கு மொட்டை இங்கயே ஓசூர்ல அடிச்சிடலாம்னு பாக்கறோம். நீங்களும் நைனாவும் வந்துடுங்க" என்றாய். நான் "ஆங், சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதன் பிறகு ஒரு கூடை சாமந்தியை முன்னும் பின்னுமாகக் கட்டிவிட்டேன், வாங்க வந்த நகரிக்காரம்மா தெலுங்கில் என்னைத் திட்டிவிட்டுப் போனாள். நம் வீட்டில் எத்தனை தலைமுறையாக என்று தெரியவில்லை, முதல் முடி திருத்தணி மலைக்குத்தான். உன் முடியும் உன் அண்ணன் முடியும் அங்கேதான் கொடுத்தது. நீ ஏன் மலைக்கு வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வருகிறாய், நாலு நாள் தங்குகிறாய், என் கடை இருப்பது படிக்கட்டுக்குக் கீழே, அங்கே வந்து உட்கார்ந்து டீ கூடக் குடிக்கிறாய். ஆனால் ஒரு படி ஏறியதில்லை. கவிதாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தபோதும் "நீ போய்ட்டு வா, நான் கீழ இருக்கேன்" என்று அவளைத் தனியாக அனுப்பினாய். அந்தப் பெண் என்னிடம் காரணம் கேட்டாள். அவனுக்கு மூச்சு வாங்கும் என்று சொல்லிவைத்தேன். பந்து ஆடி வளர்ந்த பிள்ளைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறினால் மூச்சு வாங்குமா, அவளும் நம்பியிருக்க மாட்டாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். பாதி உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள். தணிக்கு நாலு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, கால் நிற்கவில்லை. நிறுத்தி வைத்தால் துணி மாதிரி மடங்கி உட்கார்ந்துவிடுவான். டாக்டர் பயப்பட வேண்டாம், மெதுவாகச் சரியாகும் என்றுதான் சொன்னார். நான்தான் பயந்தேன். இடுப்பில் அவனைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி, கொடிமரத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். 'முருகா, இந்தக் காலை நிற்க வை. இவனுக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும் ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் இதே கால் உனக்குக் காவடி கொண்டுவரும்.' வேண்டிக்கொண்டது என் வாய், நடக்க வேண்டியது அவன் கால். அந்த நேரத்தில் இதெல்லாம் யோசிக்க வரவில்லை. ஒன்றரை மாதத்தில் நின்றான். பிறகு நடந்தான். பிறகு ஓடினான் பார், அதற்கப்புறம் அவனை உட்கார வைப்பதுதான் எனக்கு வேலையாகப் போயிற்று.

ஏழு வயதில் முதல் காவடி எடுத்தான். மூங்கிலை வளைத்து நைனா கட்டிக்கொடுத்த சின்னக் காவடி, பூ முழுக்க என் கையால் கட்டியது. காவடி எடுத்து வருகிறவர்கள் காலுக்கு வழியில் இருக்கிற பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள் இல்லையா, தணி மலையடிவாரத்துக்கு வரும்போது முதல் சொம்பு என்னுடையதாக இருக்கும். அவன் காலில் நான் ஊற்றாமல் வேறு யாரும் ஊற்ற வந்தால் "இருங்க, எங்கம்மா ஊத்தணும்" என்று நின்றுவிடுவான். பின்னால் வருகிற காவடி எல்லாம் நிற்கும், கூட்டம் கத்தும், அவன் அசைய மாட்டான். நான் குனிந்து ஊற்றி, பாதத்தைத் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டால்தான் முதல் படியில் கால் வைப்பான். பதின்மூன்று வருடம் அந்த இரண்டு காலும் ஒவ்வொரு வருடமும் எவ்வளவு வளர்ந்தது என்று என் கைக்குத் தெரியும்.

பந்து எப்போது வந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நைனா கரும்பு லோடு ஏற்றிக்கொண்டு திருவாலங்காட்டு ஆலைக்குப் போய் வந்து டிராக்டரை நிறுத்தினால், அதன் பெரிய டயர்தான் இவனுக்கு கோல். டமால் டமால் என்று சத்தம். நைனா, "டேய், டயரு வெடிச்சா நீ வாங்கித் தரியா?" என்பார், அடுத்த நிமிஷம் அவரே ஒரு உதை உதைப்பார். இடதுகால் ஆட்டக்காரன். விடியற்காலையில் படிக்கட்டில் ஓடி ஏறி ஓடி இறங்குவான். சாமி கும்பிட வருகிற பெரியவர்கள் திட்டுவார்கள். ஒரு அம்மா மறித்து நின்றுகொண்டு, "ஏண்டா, நீ சாமி பாக்க வந்தியா, காலுக்கு வேலை குடுக்க வந்தியா?" என்று கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றிருக்கிறான். அந்த அம்மா கடைக்கு வந்து என்னிடமே புகார் சொல்லிவிட்டு, அவன் பேருக்கு ஒரு முழம் பூவும் வாங்கிக்கொண்டு போனாள். மைதானத்துக்குள் கால் வைக்கும் முன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். பெனால்ட்டி அடிக்கும் முன் வாய்க்குள் "அரோகரா" என்பான். கோல் விழாவிட்டால் பையன்கள், "இன்னாடா தணி, முருகன் இன்னிக்கு லீவா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். அவனும் சிரிப்பான். அவனுக்குச் சாமி என்றால் பயம் கிடையாது, முரளி. எனக்குத்தான் பயம். அவன் சாமியிடம் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கிறவரோடு பழகுகிற மாதிரி பழகினான்.

நகரியிலிருந்து ஒரு டீம் வந்ததே, நினைவிருக்கிறதா? நீ கோலுக்குப் பின்னால் பந்து பொறுக்கப் போயிருந்தாய். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். பந்து நம் பக்கத்து ஆளுக்கும் அவர்கள் ஆளுக்கும் நடுவில் விழுகிறது. தணி பின்னாலிருந்து சுத்தமான தெலுங்கில், "ஒதிலேய்ரா, நேனு தீஸ்குண்டா!" என்று கத்தினான். நான் எடுத்துக்கொள்கிறேன், விடு என்று தன் ஆள்தான் சொல்கிறான் என நினைத்து அந்த நகரிப் பையன் காலைத் தூக்கிக்கொண்டான். நம்மவன் ஓடிப்போய் கோல் போட்டான். ஊரே தூக்கி ஆடியது. வீட்டுக்கு வந்தவன் சோறு போட்டால் பிசைந்துகொண்டே இருக்கிறான். "அம்மா, அது ஏமாத்தறதுதானே?" என்றான். நான் சிரித்துக்கொண்டு, "ஜெயிச்சிட்ட இல்ல, துன்னுடா" என்றேன். மறுநாள் பஸ் ஏறி நகரிக்குப் போய், அந்தப் பையன் வீட்டைத் தேடிப் பிடித்து, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தான். அந்தப் பையன் பிறகு அவனுக்கு அவ்வளவு சிநேகிதமாகிவிட்டான், இன்றைக்கும் போட்டிக்கு வருகிறான். ஒரு சின்னப் பொய்யைக் கூட வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை. இதைத் தெரிந்து வைத்திருந்த நான்தான் அவனை நம்பாமல் போனேன்.

அவனுக்கு இருபது வயது, நீ பத்தாவது. சென்னையில் ஒரு பெரிய டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், எடுத்தால் விளையாட்டு கோட்டாவில் வேலைக்கும் வழி உண்டு என்று மாஸ்டர் வந்து சொன்னார். நைனா அன்றைக்கு டிராக்டரையே கழுவினார், அவ்வளவு சந்தோஷம். தேதியைப் பார்த்தால் ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாள் முன்னால். தணி கழுத்தில் மாலை இருக்கிறது. மாலை போட்டால் விரதம் முடியும் வரை காலில் எதுவும் போடக் கூடாது. அவனும் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் நான் அடுப்படியில் இருந்தபோது வந்து நின்றான்.

"அம்மா, ஆடறப்போ மட்டும் பூட்ஸ் போட்டுகினு உடனே கழட்டிடறேன்மா. அங்க எல்லாரும் ஸ்டட் வச்ச பூட்ஸோட ஆடுவாங்க. மெதிச்சா வெரல் போயிடும்."

"மாலை கழுத்துல கீது, கால்ல பூட்ஸா? அந்தக் காலே யார் குடுத்ததுன்னு தெரியுமாடா உனுக்கு?"

"தெரியும்மா."

"தெரிஞ்சா வெறுங்கால்ல ஆடு. குடுத்தவன் பாத்துப்பான்."

"சரிம்மா" என்று போய்விட்டான். அவன் சரி என்றால் சரிதான். இருந்தாலும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. பூட்ஸை எடுத்துக்கொண்டு போய் டிராக்டர் சீட்டுக்கு அடியில் இருக்கிற டூல்ஸ் பெட்டியில், ஸ்பானருக்கு அடியில் வைத்து மூடினேன். விடியற்காலை அவன் வெறும் பையோடு ஸ்டேஷனுக்குப் போனான். நீ பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரமே கிளம்பினாய், நான் கவனிக்கவில்லை. சாயங்காலம் உன் வெள்ளைச் சட்டையில் கிரீஸ் இருந்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. பெட்டியைத் திறந்து, பூட்ஸை எடுத்து, புத்தகப் பையில் திணித்துக்கொண்டு, ரயில் கிளம்பும் முன் ஜன்னல் வழியாக அண்ணன் மடியில் போட்டுவிட்டு வந்திருக்கிறாய். இன்றைக்கு நினைத்தால் எவ்வளவு நல்ல காரியம் பண்ணியிருக்கிறாய் என்று தெரிகிறது. அன்றைக்கு உனக்கு விளக்குமாற்றால் இரண்டு விழுந்தது.

மறுநாள் காலை தணி நேராகக் கடைக்கு வந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் பூக்கூடைகள் குவிந்திருந்தன, கிருத்திகைக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. "அம்மா, எடுத்துட்டாங்கம்மா! பொங்கலுக்கு அப்புறம் வரச் சொல்லிகீறாங்க" என்றான். முகமெல்லாம் பல். நான், "பூட்ஸ் போட்டியா?" என்று கேட்டேன். பிள்ளை ஜெயித்துவிட்டு வந்து நிற்கிறான், நான் கேட்டது அது. அவன் முகம் இறங்கிவிட்டது. "போட்டுகினேன்மா. ஆனா..." என்று ஆரம்பித்தான். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். 'ஒன்றும் சொல்ல வேண்டாம், போ' என்று அர்த்தம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான். விரதத்தின் கடைசி நாட்களில் காவடிக்காரர்கள் எல்லாரும் பஜனைக் கோயிலிலேயே தங்குவது வழக்கம், அங்கே போய்விட்டான்.

கிருத்திகை அன்றைக்கு அவன் காவடி வந்தது. மஞ்சள் வேட்டி, தோளில் நான் கட்டாத பூ. அந்த வருடம் வேறு கடையில் வாங்க வைத்திருந்தேன், பார் என் வீம்பை. என் கடைக்கு முன்னால் வந்து நின்றான். சொம்பு என் பக்கத்தில்தான் இருந்தது, மஞ்சள் கூடக் கரைத்து வைத்திருந்தேன். நான் தலை நிமிராமல் பூக் கட்டிக்கொண்டே இருந்தேன். பின்னால் மேளம் நிற்கிறது, கூட்டம் 'நடங்க நடங்க' என்று கத்துகிறது. அவன் நகரவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும், இரண்டு நிமிஷம் இருக்கும். நீதான் பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினாய். அவன் காலடியில் குனிந்த நீ எழுந்திருக்கவே இல்லை. எனக்கு எரிச்சல். "இன்னாடா அங்க இவ்ளோ நேரம்? வேலை கெடக்குது இங்க!" என்று கத்தினேன். எழுந்து வந்தபோது உன் கண் கலங்கியிருந்தது. சாம்பிராணிப் புகை என்று நினைத்துக்கொண்டேன். அவன் போய்விட்டான், மலை ஏறுவதை நான் பார்க்கவில்லை.

பிறகு ஒரு மாதம் உன் வழியாகத்தான் பேச்சு. 'அண்ணனைத் துன்னச் சொல்லு', 'அண்ணனைக் குளிக்கச் சொல்லு.' அவன் காலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது கண்ணில் பட்டது. பந்தாடுகிறவன் காலில் எப்போதும் ஏதாவது ஒட்டியிருக்கும், கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் அவனாகக் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, வாழைநாரை எடுத்துப் பூக் கட்ட ஆரம்பித்தான். ஒரு முழம் கட்டுவதற்குள் பாதிப் பூ கீழே உதிர்ந்தது, மீதி தலைகீழாக நின்றது. "இத யார் தலைல வைக்கிறது?" என்றேன். "உன் தலைலதான்" என்றான். சிரித்துவிட்டேன். அதோடு பேச்சு வந்துவிட்டது. ஆனால் அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன என்று நான் கேட்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

கார்த்திகை மழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் நிறையப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், எல்லாரும் முடிந்ததைச் செய்தார்கள். ஆறாம் நாள் போய்விட்டான். வாசலில் கிடத்தியிருந்தார்கள், பையன்கள் ஜெர்சியைப் போர்த்தி, பந்தைப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நீ கால்மாட்டில் உட்கார்ந்து அவன் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டிருந்தாய். அந்தக் காலை நீ பிடித்திருந்ததைப் பார்த்ததும் எனக்குள் என்ன வந்ததோ, எழுந்து நின்று கத்தினேன்.

"நீதானேடா பூட்ஸ எடுத்துகினு போய் குடுத்த? மாலை கழுத்துல இருக்கறப்போ குடுத்தியே! பாத்துக்கோ, குடுத்த கால சாமியே எடுத்துகினு போயிடுச்சு!"

"ஏய், இன்னா பேசற நீ, புள்ளகிட்ட?" என்று நைனா என்னை இழுத்து உட்கார வைத்தார். நீ பிடித்திருந்த கையை மட்டும் எடுத்துக்கொண்டாய். மெதுவாக, சுடுகிற பாத்திரத்திலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்தாய். கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தாய். கடைசி வரைக்கும் அவனைத் தொடவில்லை. தொடவிடாமல் பண்ணியது நான். இதை எழுதும்போது பேனா நகர மாட்டேன் என்கிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

அன்றைக்குப் பிறகு நான் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. தப்பு என்று தெரிந்துதான் இருந்தது. துக்கத்தில் வாயில் வந்தது, பையன் மறந்திருப்பான் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன். நீ மறக்கவில்லை என்பதற்கு நீ ஏறாத படிக்கட்டு சாட்சி. என் பக்கத்தில் வேறு ஒன்று நடந்தது. அடுத்த கிருத்திகையிலிருந்து என் கடையைத் தாண்டிப் போகிற ஒரு காவடிக்காரன் காலைக் கூட நான் விட்டதில்லை. சித்தூரிலிருந்து வருகிறவன், வேலூரிலிருந்து வருகிறவன், சின்னப் பையன், கிழவர், யாராக இருந்தாலும் ஓடிப்போய்க் குனிந்து ஊற்றுவேன். வியாபாரத்தைப் பக்கத்துக் கடைக்காரி பார்த்துக்கொள்வாள். அந்த அம்மாவுக்கு எவ்வளவு பக்தி பார் என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டு போவார்கள். அது பக்தி இல்லை, முரளி. ஒரு வருடம் ஊற்றாமல் விட்ட தண்ணீரை ஊர்க் கால்களில் எல்லாம் ஊற்றிப் பார்த்தேன். தீரவில்லை.

போன மாதம் மாஸ்டர் மலருக்குக் கேட்க வந்தபோது பேச்சு அங்கே போயிற்று. "அவன் அந்த செலக்ஷன்ல ஆடினத எழுதுங்கம்மா, பசங்க படிக்கணும்" என்றார். பூட்ஸ் போட்டு ஆடியதை எழுதச் சொல்கிறீர்களா என்று கொஞ்சம் கசப்பாகவே கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"உங்களுக்குத் தெரியாதாம்மா? மொத பாதி வெறுங்கால்லதாம்மா ஆடினான். தம்பி குடுத்தனுப்பிச்ச பூட்ஸ் பையிலதான் இருந்துச்சு. போடுடான்னு நான்கூடத் திட்டினேன். 'வாணாம் சார், அம்மா சொல்லிகீறாங்க'ன்னான். ஒருத்தன் ஏறி மெதிச்சான், கட்டை வெரல் நகம் பிச்சுகினு வந்துடுச்சு. அப்பவும் ஆடினான். ஆள் எடுக்க வந்தவரு, 'பூட்ஸ் இல்லன்னா வெளிய உக்காரு, எனக்கு வம்பு வாணாம்'னுட்டாரு. அதுக்கப்புறம்தான் மாலையக் கழட்டி, கண்ணுல ஒத்தி, என் கைல குடுத்தான். ரத்தத்தோடதாம்மா பூட்ஸ மாட்டினான். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அவன் சொல்ல வந்த 'ஆனா' அதுதான். நகம் போன காலோடுதான் மூன்றாம் நாள் காவடியைத் தூக்கிக்கொண்டு வந்து என் கடைக்கு முன்னால் நின்றிருக்கிறான். நான் ஊற்றியிருந்தால் குனிந்திருப்பேன், குனிந்திருந்தால் பார்த்திருப்பேன். நீ குனிந்தாய், நீ பார்த்தாய். அதனால்தான் எழுந்திருக்க அவ்வளவு நேரம் ஆனது. அம்மாவிடம் சொல்லாதே என்று அவன்தான் சொல்லியிருப்பான், அவன் குணம் அது. ஆனால் நாலு மாதம் கழித்து, வாசலில் நான் உன்மேல் அந்தப் பழியைப் போட்டபோது, 'நீ சொன்னதற்காகத்தான் அண்ணன் வெறுங்காலில் ஆடி நகத்தைப் பறிகொடுத்தான்' என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். எல்லார் முன்னாலும் என்னை அங்கேயே சாய்த்திருக்கலாம். பதினைந்து வயது உனக்கு. வாயைக் கட்டிக்கொண்டு கையை எடுத்துக்கொண்டாய். இந்தப் பன்னிரண்டு வருடமும் எனக்காகத்தான் சும்மா இருந்தாய் என்று இப்போதுதான் புரிகிறது. உன் அண்ணனைப் பெற்றதை எப்போதும் பெருமையாகச் சொல்லுவேன். உன்னைப் பெற்றதையும் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நீ எந்தத் தப்பும் பண்ணவில்லை, முரளி. அவன் நகம் போன காலுக்கு அன்றைக்கு ஒரு பாதுகாப்பு கிடைத்தது என்றால் நீ ஓடிப்போய்க் கொடுத்த பூட்ஸ்தான். காய்ச்சல் மழையில் வந்தது, சாமி அனுப்பவில்லை. நாலு வயதில் நிற்க வைத்த காலை இருபது வயதில் பிடுங்கிக்கொள்கிற சாமியை உன் அண்ணன் கும்பிட்டிருக்கவே மாட்டான். இதைத் தெருவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அன்றைக்குக் கேட்டவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நீயும் இப்போது ஒரு பிள்ளைக்கு அப்பன். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை, இருந்தாலும் அம்மா என்றால் சொல்லாமல் இருக்க முடிகிறதா. பிள்ளைக்காக வேண்டிக்கொள், தப்பில்லை. ஆனால் உன் காலை வைத்து வேண்டிக்கொள், அவன் காலை வைத்து வேண்டாதே. கோபம் வந்தால் நன்றாகத் திட்டு, கையில் கிடைத்ததை எடுத்து எறி. தினமும் அவனுக்குச் செய்கிற காரியத்தை மட்டும் நிறுத்தாதே. திட்டிக்கொண்டே சோறு போடு, திட்டிக்கொண்டே குளிப்பாட்டு. அப்போதுதான் அவன் உடம்பில் எங்கே அடிபட்டிருக்கிறது என்று உன் கண்ணில் படும். அவன் 'ஆனா' என்று ஆரம்பித்தால் முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நில்.

மொட்டையை ஓசூரிலேயே அடித்துவிடு. உன்னை மலைக்கு இழுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், நைனா இப்போதே வேட்டியை எடுத்து வைத்துவிட்டார். கவிதாவின் அண்ணன் மடியில் உட்கார வைத்து நல்லபடியாக நடக்கட்டும். தணியின் பூட்ஸ் பரண்மேல் இருந்தது, எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன். குழந்தை கடித்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கென்று கேட்பது ஒன்றுதான். உன் வீட்டு வாசலுக்கு வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பேன், மஞ்சள் நானே கொண்டுவருவேன். நீ வெளியே வந்து நில். காலை இழுத்துக்கொள்ளாதே. பெற்றவள் பிள்ளை காலுக்குத் தண்ணீர் ஊற்றலாமா என்று உன் மாமனார் வீட்டில் யாராவது கேட்டால், காவடி எடுத்து வருகிறவன் காலுக்கு யார் வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று சொல். பன்னிரண்டு வருடமாக நீ எடுத்துக்கொண்டு வருகிறாய், நான் ஒரு சொம்பு கூட ஊற்றவில்லை.

முட்டி வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் இன்னும் குனிய முடிகிறது.

அம்மா